கண்ணாடியில் படிந்த வாசனை

கிளாரா யாரையும் சட்டென்று நம்புகிறவள் அல்ல. கேஸ் சிலிண்டர் வந்தால் சீலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். கம்பெனி பஸ்ஸில் டிரைவர் புதிதாக இருந்தால், வடக்குப்பட்டில் ஏறி ஒரகடத்தில் இறங்கும்வரை அவர் பின்னந்தலையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். தான் போட்ட முடிச்சின் மேல்கூட அவளுக்கு நம்பிக்கை கிடையாது. இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூசுகிறவள். லாரிகளுக்கு ஒயர் கட்டும் லைனிலிருந்து அவளை எடுத்து வெள்ளை ரூமில் போட்டதற்கு அந்த இரண்டாவது இழுப்புதான் காரணம்.

வெள்ளை ரூமில் தலை முதல் கால் வரை மூடிய உடுப்பு, வாய்க்கு மாஸ்க், கைக்கு உறை. பூ வைக்கக் கூடாது, எண்ணெய் தடவக் கூடாது, பவுடர், மஞ்சள் எதுவும் ஆகாது. இவ்வளவு மறைத்துச் செய்கிறார்களே, குண்டு கிண்டு ஏதாவது செய்கிறார்களோ என்று முதல் வாரம் முழுக்க அவளுக்குச் சந்தேகம். பெங்களூரிலிருந்து வந்து தங்கியிருந்த இன்ஜினியர் நெல்லையப்பன்தான் ஒரு நாள் எல்லோரையும் நிற்க வைத்து விளக்கினார். வெள்ளிக் கிரகத்தைச் சுற்றி வரப்போகும் ஒரு விண்கலத்தில் இந்தப் பெட்டி உட்காரும். கலம் ஒவ்வொரு சுற்றிலும் கிரகத்தின் பின்பக்கம் போகும்போது, அதன் ஓரமாகச் சூரியன் மறையும். அந்த வெளிச்சம் கிரகத்தின் காற்றுக்குள் புகுந்து வரும்போது பெட்டியின் கண்ணாடி அதைப் பார்க்கும். எந்தெந்த நிறம் குறைகிறதோ அதை வைத்து அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

“நம்ம கை எண்ணெய் அந்தக் கண்ணாடியில படிஞ்சா, அதுவும் கொஞ்சம் நிறத்தைத் தின்னுரும். அங்க இல்லாத ஒண்ணை இருக்குன்னு சொல்லிட்டு நிப்போம், பாத்துக்கிடுங்க” என்றார்.

காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மூக்கில் ஏறும் பெயிண்ட் கம்பெனி நெடியை எந்தக் கண்ணாடியும் பார்க்கவில்லையே என்று கிளாராவுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. ஆனாலும் அந்தப் பெட்டியை அவளுக்குப் பிடித்துப்போனது. வெளிச்சத்தைக்கூட அப்படியே நம்பாமல், எதைக் குறைத்துக் கொண்டுவந்தாய் என்று கேட்கிற பெட்டி.

ஆயுத பூசைக்கு முதல் நாள் அவள் ஒயர் கட்டுகளைப் பெட்டிக்குள் பொருத்தி முடித்தாள். பெட்டியை அடுத்த கட்டடத்துக்குக் கொண்டுபோவதற்கென்று ஸ்பாஞ்சு வைத்த ஒரு அலுமினிய டிரங்க் இருந்தது. அதில் இறக்கி மூடி, ரிஜிஸ்டரில் கையெழுத்தும் போட்டாள். வெளியே மற்ற இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு, பூ, பொரி. வெள்ளை ரூமுக்குள் எதுவும் வரக் கூடாது என்று சூப்பர்வைசர் கோதண்டராமன் கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்.

லீவு முடிந்து பெட்டியை அடுப்பில் வைத்தார்கள். காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டுச் சூடேற்றுகிற அடுப்பு அது. பெட்டியிலிருந்து எது ஆவியானாலும், உள்ளே குளிர வைத்திருக்கும் ஒரு கண்ணாடித் துண்டில் படிந்து காட்டிக்கொடுத்துவிடும். படிந்தது. பெட்டியைத் துடைத்து, அதே டிரங்கில் வைத்திருந்து, மறுபடியும் அடுப்பில் வைத்தார்கள். மறுபடியும் படிந்தது. ஏதோ எண்ணெய் வகை என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் பிடிபடவில்லை.

எண்ணெய் என்றதும் எல்லோர் கண்ணும் கிளாராவின் தலைமுடிக்குப் போனது. கோதண்டராமன் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

“கடைசியா தொட்டது நீ. கையெழுத்து உன்னுது. சனிக்கிழமை மூணாவது டெஸ்ட். அதுவும் போச்சுன்னா இந்த வேலையே வேற ஊருக்குப் போயிடும். நீ திங்கக்கிழமை வராத, கிளாரா. உன் காண்ட்ராக்ட்காரன்கிட்ட சொல்லிட்டேன்.”

அவள் தலை குனிந்து நின்றாள். ஆனால் கண் மட்டும் அவர் கழுத்தில் இருந்தது. உடுப்பின் பட்டைக்கு அடியில் கொஞ்சம் விபூதி. லீவு நாளில் அவர் மட்டும் வந்துபோனதாக வாட்ச்மேன் சொன்னதும் ஞாபகம் வந்தது. இவர்தான் என்று முடிவு கட்டினாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் எங்கே கை வைக்கிறார், எதைத் துடைக்கிறார் என்று பார்ப்பதே அவளுக்கு வேலையாகப் போனது. அவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் இருமினால் மற்றவர் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை மதியம் கேன்டீனில் உலகம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாலாஜாபாத்திலிருந்து வருகிறவள். வெள்ளை ரூமுக்கு வெளியே உடுப்பு மாற்றும் அறையைப் பெருக்கித் துடைப்பவள். தினமும் மோர் மிளகாயில் இரண்டை கிளாராவின் டப்பாவில் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள்.

“மூஞ்சி ஏன் தொங்கிப் போய்க் கீது? ஒண்ணும் ஆவாது, விடு. நான் அதுக்கு வேண்டியது செஞ்சிட்டேன்” என்றாள்.

“எதுக்கு?”

“பொட்டிக்குத்தான். கேன்டீன் கிரைண்டருக்குக்கூடப் பொட்டு வெச்சாங்க. அவ்ளோ தூரம் தனியா போறதுக்கு ஒண்ணுமே இல்ல. எனுக்கு மனசு கேக்கல. பொட்டு வெச்சா தெரிஞ்சிடும்னு, ட்ரங்கு காலியா உடுப்பு ரூம்ல இருந்தப்போ ஸ்பாஞ்சுக்கு அடியில ரெண்டு கற்பூரம் போட்டேன். ஏத்தலம்மா. சும்மா போட்டதுதான்.”

கிளாரா பிசைந்த சோற்றை அப்படியே டப்பாவில் போட்டாள். துணி அலமாரியில் போட்ட கற்பூரம் ஒரு மாதத்தில் எங்கே போகிறது? தானாகக் காற்றில் கலந்து, துணியெல்லாம் ஏறிவிடுகிறது. எல்லோர் மூக்கிலும் மாஸ்க். யாருக்கு வாசனை தெரியும்?

மெதுவாக எடுத்துச் சொன்னாள். உலகம்மாளின் கை டப்பா மூடியிலேயே நின்றுவிட்டது. அவள் போய்ச் சொன்னால் அந்த நிமிடமே கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கிளாரா போய்ச் சொன்னால் இன்னொன்றும் சேரும். சர்ச்சுக்குப் போகிறவள், பூசையைக் காட்டிக்கொடுத்தாள் என்று பஸ் முழுக்கப் பேச்சாகிவிடும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை பஸ்ஸே இல்லை.

டீ நேரத்தில் நெல்லையப்பனின் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே போனதும் மேசையிலிருந்த போனைப் பார்த்தாள். பேசுவதை அது பிடித்துவைக்குமோ என்னவோ.

“சார், அத்த டிராயர்ல போடுங்க.”

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். போட்டார்.

“கண்ணாடியில படிஞ்சது இன்னான்னு சொல்றேன். யாருன்னு கேட்டா எழுந்து போயிடுவேன்.”

“சொல்லுங்கம்மா.”

“கற்பூரம். ரெண்டு துண்டு. ட்ரங்கு ஸ்பாஞ்சுக்கு அடியில.”

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். விறுவிறுவென்று போய் டிரங்கைத் திறந்து, மாஸ்க்கை இறக்கி, ஸ்பாஞ்சைத் தூக்கி முகர்ந்தார். கிளாரா வாசலிலேயே நின்றாள். அடியில் பயறு அளவுக்கு ஒரு துணுக்கு மட்டும் மிச்சம் இருந்தது.

“இதை வெள்ளிக் கிரகம் வரைக்கும் கொண்டுபோயிருந்தா, அங்கேயும் ஒரு கோயில் இருக்குன்னு எழுதியிருப்போம்” என்று முனகினார். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தார். “நீங்களா வச்சீங்க?”

அவள் வாசலிலிருந்து ஒரு அடி பின்னால் வைத்தாள். அவர் பார்வை அவள் கழுத்தில் தொங்கிய கார்டுக்குப் போய், அதிலிருந்த பெயரில் நின்று, திரும்பியது.

“சரி, விடுங்க. ஆனா காரணம் எழுதாம ஃபைலை மூட முடியாதும்மா.”

“இன்னா எழுதப் போறீங்க?”

டிரங்கின் ஸ்பாஞ்சில் ஆவியாகும் பொருள் இருந்தது, ஸ்பாஞ்சு மாற்றப்பட்டது என்று எழுதினார். அவள் அதை வாசித்துக் காட்டச் சொன்னாள். பிறகு இன்னொரு தரமும் வாசிக்கச் சொன்னாள்.

பெட்டியை அன்றே துடைத்தார்கள். சனிக்கிழமை கண்ணாடித் துண்டு சுத்தமாக வெளியே வந்தது. திங்கட்கிழமை போர்டில் கிளாராவின் பெயர் பழைய இடத்திலேயே இருந்தது. கோதண்டராமன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நெல்லையப்பனிடம் இவள் எதையோ சொல்லிவிட்டு வந்தாள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து அவள் பக்கம் வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். லீவு நாளில் அவர் எதற்கு வந்தார் என்பது அவளுக்கும் இன்றுவரை தெரியாது.

பெட்டி பெங்களூருக்குக் கிளம்பிய அன்று வேன் கேட்டருகே நின்றது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளலாம், வண்டிக்குள் மட்டும் எதுவும் கூடாது என்று நெல்லையப்பன் சொல்லிவிட்டார். உலகம்மாள் நாலு பழத்தோடு ஓடிவந்து, குனிந்து குனிந்து வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கிளாரா அவள் பின்னாலேயே நாலு சக்கரத்துக்கும் நடந்தாள்.

“அக்கா, முந்தானை முடிச்சுல இன்னா?”

“அடிப்பாவி. பாக்குடி.”

“அவுத்துக் காட்டு.”

உலகம்மாள் அவிழ்த்துக் காட்டினாள். பாக்குதான். கிளாரா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். வேன் பழங்களை நசுக்கிக்கொண்டு ரோட்டில் ஏறியது. அது திரும்பி மறைகிறவரைக்கும் அவள் உலகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.