கதவுப் பலகை காயும்வரை

என் மாமனாருக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரில் உட்காரத் தெரியும். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர், சீமைக்குக் கப்பலேறும்போது விற்ற பழைய காரை வாங்கி வந்தார். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் நூல் கடைக்கு முன்னால் அதை நிறுத்திவிட்டு, பின்சீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். கார் எங்கும் போகாது. போகிறவர் வருகிறவர் பார்த்தால் போதும் அவருக்கு. யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள். பெட்ரோலுக்குப் பஞ்சம் இல்லை.

பார்ப்பதற்கு அதில் என்ன இருந்தது என்றால், மரம் இருந்தது. நான்கு கதவுகளின் உள்பக்கமும், ஸ்டியரிங்குக்கு முன்னால் கடிகாரம் பதித்த நீளப் பலகையும் ஏதோ சீமை மரம். தேன் நிறத்தில் சுழிசுழியாக ரேகை ஓடும். கெட்டிப் பலகை என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல மரத்தைக் காகிதம்போலச் சீவி, மட்டப் பலகைமேல் வஜ்ஜிரப் பசையால் ஒட்டி, மேலே மெருகு ஏற்றியது. எங்கள் வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான சாமான் கிடைத்திருக்காது.

ஆயுத பூஜைக்குத் தறிக்கும் தராசுக்கும் பொட்டு வைக்கிற கை, காரை மட்டும் விடுமா? அதோடும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பலகைகளை ஈரத் துணியால் துடைத்து, சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்துத் தாராளமாகப் பொட்டு வைத்தார். ஈரம் பட்டால் பசை விட்டுப்போகும் என்று நான் ஒருமுறை சொன்னேன். "பொட்டு வெக்கறதுல கொற சொல்லாத சாமி" என்றார். ஏழை சொல் அம்பலம் ஏறாது. எங்கள் வீட்டில் மருமகள் சொல்லும் ஏறாது. ஒரு வருஷத்துக்குள் பொட்டு வைத்த இடமெல்லாம் மரத்தின் தோல் கொப்பளித்து எழுந்தது. "வெள்ளக்காரன் ஏமாத்திப் போட்டானுங்க" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கலெக்டர் பங்களா நாற்காலிகளுக்கு மெருகு போட்டதாகப் பீற்றிக்கொள்ளும் ஒரு மேஸ்திரி வந்தார். பலகைகளைக் கழற்றிக் கூடத்தில் பரப்பினார். கொப்புளங்களைப் பிளேடால் கீறி, உள்ளே பசை விட்டு, மேலே நூல் பண்டல்களைப் பாரமாக ஏற்றினார். பிறகு உப்புத்தாள் தேய்ப்பு. பிறகு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பந்தால் தேய்த்துத் தேய்த்துப் பூசினார். ஒரு பூச்சு காய்வதற்குள் இரண்டு காப்பி குடித்துவிடுவார். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டினார். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோதுகூட அவர் அப்படி உட்கார்ந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் காலையில் வாழப்பாடியிலிருந்து எங்கள் அப்பாவின் பண்ணையாள் வந்தான். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார், என்னைக் கேட்கிறார் என்றான். வாசலில் கார் நின்றது. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. டிரைவர் நிழலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"மாமா, காரை எடுக்கச் சொல்லுங்க. நேரமில்லைங்க."

"பலக இன்னும் காயலியே சாமி. நாளன்னிக்குத்தான் மாட்டோணும்."

"பலகை இல்லாமயே போலாமுங்க."

"அதெப்படி? கதவத் தொறந்தா தகரமும் துருவுமாத் தெரியுது. ஆத்தூர் ரோட்டுல நம்மளத் தெரியாதவன் ஆரு? சம்பந்தி ஊட்டுக் காரு இப்படி மொட்டையா வந்து நின்னா, உங்கப்பாருக்குத்தான் கௌரவக் கொறச்சல்."

என் புருஷனைப் பார்த்தேன். "அப்பா சொல்றதும் நாயந்தானே" என்றார். வாழ்நாளில் அவர் சொந்தமாகச் சொன்ன ஒரே கருத்து அதுவாகத்தான் இருக்கும். சொல்லிவிட்டு நூல் எடை பார்க்கப் போய்விட்டார்.

பண்ணையாளோடு பஸ்ஸில் போனேன். இடம் நிரம்பும்வரை பஸ் சேலத்திலேயே நின்றது. பிறகு அயோத்தியாப்பட்டணத்தில் வெற்றிலைக் கூடைகள் ஏற்ற நின்றது. வாழப்பாடியில் வீட்டுத் தெரு திரும்பியதுமே அழுகை கேட்டது. அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். "அவங்க வீட்ல காரு இருக்கு, சீக்கிரம் வந்துருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தார்" என்றாள் அம்மா.

எடுப்பதற்கு முன் மாமனாரும் என் புருஷனும் வந்துவிட்டார்கள், வாடகைக் காரில். காலையில் வாடகைக் கார் என்ற ஒன்று இருப்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கருமாதிக்குச் சொந்தக் கார் வந்தது. எண்ணெய் தடவிய கன்னம்போலப் பலகைகள் பளபளத்தன. இலை போட்டதுகூட மறந்து எங்கள் சொந்தக்காரர்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். கொள்ளி வைத்த என் அண்ணன் முன்னால் போய்க் கதவைத் திறந்து உள்பலகையைத் தடவினான். அவன் மொட்டைத் தலை அதில் தெரிந்தது.

"என்ன மரங்க மாமா? முகம் தெரியுதே."

"சீம மரம் மாப்ள. கை சுத்தமா இருந்தாத்தான் தொடோணும்."

அண்ணன் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தடவினான். அதுவரை மாமனாருக்கென்று மொத்தமாக வைத்திருந்த வெறுப்பில் சரிபாதியை அன்றைக்கு என் கூடப் பிறந்தவனுக்குப் பிரித்துக் கொடுத்தேன்.