தனியாள் இழுக்கிற படகு

மரத்தைப் பற்றி எனக்குத் தெரியாது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. மலைமேல் குண்டூர் நாட்டில் பலாவுக்கும் மிளகுக்கொடிக்கும் நடுவே பிறந்து வளர்ந்தவள். எது கதவுக்கு ஆகும், எது கலப்பைக்கு ஆகும், எது அடுப்புக்குத்தான் லாயக்கு என்று யார் கேட்டாலும் சொல்லிவிடுவேன். படகுக்கு எது ஆகும் என்று என் வீட்டுக்காரர் கேட்டபோதுதான் திருதிருவென்று விழித்தேன்.

அவர் லாரி டிரைவராக இருந்தவர். மலையிலிருந்து குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு கீழே ஜவ்வரிசி மில்லுக்கு ஓட்டுவார். ஒரு வளைவில் டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி, வண்டி அவருடைய இரண்டு கால்களின் மேலும் இறங்கிவிட்டது. கால்கள் மிஞ்சின, நிற்கிற பலம் மிஞ்சவில்லை. வீட்டுக்குள் கையை ஊன்றி நகர்வார். வாசலைத் தாண்டினால் எல்லாவற்றுக்கும் ஆள் கூப்பிட வேண்டும். மலைப்பாதையின் அத்தனை வளைவையும் தன்னந்தனியாக ஏறி இறங்கிய மனுசன், பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லி அடுத்தவன் முகத்தைப் பார்ப்பதை என்னால் பார்க்க முடியாது. கோபம்தான் வரும். யார் மேல் என்று தெரியாத கோபம்.

நாமக்கல்லில் பிரவுசிங் சென்டர்கள் புதிதாக முளைத்த சமயம் அது. ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு நாள் அங்கிருந்து ஒரு தாளை அச்செடுத்து வந்தார். வெண்டைக்காயை நெடுக்காகப் பிளந்தது போல ஒல்லியாக ஒரு படகு. ஒரே ஆள் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையும் அகன்ற துடுப்பை இப்படியும் அப்படியும் போட்டுப் போகிறான். பெயர் கயாக்காம்.

“இதுக்குக் காலு வேண்டியதில்ல புள்ள. கையிருந்தாப் போதும்,” என்றார்.

எங்கள் வீட்டுக்குக் கீழே புல் சரிவில் இறங்கினால் சின்ன ஏரி. படகைத் தானே இழுத்துக்கொண்டு இறங்க வேண்டும், தானே ஏறிப் போக வேண்டும், தானே திரும்ப வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். எனக்கு வேண்டியது, அவர் முழுகக் கூடாது. இந்த இரண்டும் ஒரே மரத்தில் கிடைக்குமா என்பதுதான் கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

தாளில் மரங்களின் பெயர்கள் இங்கிலீஷில் இருந்தன. சீடர் என்று ஒன்று. அது தேவதாரு என்றார் ஒரு மரக்கடைக்காரர். சந்தன வேம்பு என்று சத்தியம் செய்தார் பக்கத்துக் கடைக்காரர். ஓக் வேண்டாம், கனம் என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. எங்கள் மிளகுக்கொடி முழுக்க ஏறி நிற்பது சில்வர் ஓக்கில்தான். அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். பள்ளிக்கூட வாத்தியார் ஆமாம் என்றார், மறுநாள் வந்து இல்லை என்றார். எனக்குத் தலை சுற்றியது.

கடைசியில் என் அண்ணனைக் கூப்பிட்டேன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எத்தன டன்னு ஏத்தோணும், அம்மிணி?”

“உங்க மாப்ள ஒருத்தருதானுங்கண்ணா.”

“இருந்தாலும் தாட்டியமா இருக்கோணுமல்ல.”

உறுதியைச் சொல்லும் அந்தத் தாட்டியம் காதில் விழுந்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. மறு மாதம் வேனில் வந்து இறங்கியது படகின் எலும்புக்கூடு. அடிச்சட்டம் வேங்கை, விலாவுக்கு இரும்பு ஆங்கிள், போல்ட்டு நட்டு, பின்னால் லாரிக் கதவுக்கு மாட்டுகிற கொக்கி. நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். நான் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது. இது எங்கே முழுகப் போகிறது என்று பூரித்துப் போனேன்.

அவர் கையூன்றி நகர்ந்து வந்து முன்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. மறுபடி இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். அண்ணன் உதவிக்குக் குனிந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“நாலு பேரு தூக்கி என்னயக் கொண்டுபோற நாளு தானா வரும், மச்சா. அதுக்கு முன்னாடி ஒருக்கா நானாப் போகலாமுன்னு பாத்தன்.”

அண்ணன் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார். அன்று முழுக்க நான் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்து ஓரத்தில் ஒரு மலைவேம்பு நின்றது. கனம் குறைவு, அதனால் எங்கள் பக்கம் அதை மதிக்கமாட்டார்கள். அவர் அதைத்தான் கேட்டார். வளர்பிறையில் வெட்டினால் வண்டு துளைக்கும் என்பதால் தேய்பிறைக்குக் காத்திருந்தோம். நான் உள்ளுக்குள் அந்தத் தேய்பிறை வராமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அறுத்துக் காய்ந்த பலகையில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன். பள்ளம் விழுந்தது. நகம் பதிகிற மரத்தை நம்பி, கட்டிய புருசனைத் தண்ணீரில் விடுவதா?

அண்ணன் மனசு கேட்காமல் திரும்பி வந்தார். சில்வர் ஓக்கில் மெல்லிய விலாக்கள், அதன்மேல் மலைவேம்புப் பலகை, அதன்மேல் தண்ணீர் புகாமலிருக்க ரெசின் பசையில் தோய்த்த துணி. “கிலுகிலுப்ப மாதர இருக்குது,” என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

சாமான் வாங்குவது என் பொறுப்பு. கால் ஊன்றி உதைத்துக்கொள்ளும் கட்டை தாளில் இருந்தது. இவருக்கு அது எதற்கு? அதை விட்டுவிட்டு, முதுகு சாய ஒரு பழைய மொபெட் சீட்டு வாங்கினேன். துருப்பிடிக்காத பித்தளைத் திருகாணி வாங்கினேன். பேளுக்குறிச்சிச் சந்தையில், யாரும் சொல்லாமல், மாடு கட்டுகிற இரும்பு வளையம் ஒன்றும் வாங்கினேன். அதன் பட்டையில் நாலு துளை இருந்தது. படகின் பின்னால் அறைந்து, கிணற்றுக் கயிற்றைக் கட்டி, மறுமுனையை நான் பிடித்துக்கொள்வதாகத் திட்டம்.

“மாட்டுக்கா எனக்கா?” என்றார்.

“ரெண்டும் சொன்ன பேச்சுக் கேக்கறதில்லீங்களே.”

சிரித்தார். வளையத்தைத் தானே முடுக்குவதாக வாங்கிக்கொண்டார். தடித்த திருகாணியாகப் பார்த்து நாலு எடுத்துக் கொடுத்தேன்.

ஏரியில் இறக்கிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புல்லில் உட்கார்ந்தபடியே படகை இழுத்து இழுத்துத் தானே கொண்டுபோனார். தானே உள்ளே நகர்ந்தார். துடுப்பைப் போட்டதும் படகு வழுக்கிக்கொண்டு ஓடியது. என் கையில் கயிறு ஓடி, முடிந்து, விறைத்து நின்றது. அவர் துடுப்பை நிறுத்தவில்லை. பயத்தில் லேசாகத்தான் இழுத்தேன், சத்தியமாக லேசாக. கயிறு தொய்ந்து தண்ணீரில் விழுந்தது.

சுருட்டி இழுத்தால் முனையில் வளையம் வந்தது. நாலு துளையிலும் திருகாணிகள் அப்படியே இருந்தன. நான் கொடுத்தவை அல்ல. பெட்டிக் கீலுக்குப் போடுகிற பொடித் திருகாணிகள், அரிசி நீளம்கூட இல்லை.

அவர் ஏரியின் நடுவில் இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கத்துவதா, சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் சேற்றில் நின்றேன். இவ்வளவு வேகமாக அவர் போய் நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

வெயில் ஏறிய பிறகுதான் திரும்பினார். படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, பின்பக்கத்து நாலு துளையை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“கயிறு நீளம் பத்துச்சா புள்ள?”

“பத்துச்சுங்க,” என்றேன். வளையத்தைப் பிடித்திருந்த கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தேன்.