கோதாவுக்கு வந்த தீபாவளி

ஊரார் தொந்தியைக் கரைத்துப் பிழைக்கிறவனுக்கு, தீபாவளி வந்தால் தன் தொந்தியைக் காப்பாற்றிக்கொள்வதே பெரும்பாடு. பள்ளிக்கூட வாத்தியார், நாட்டு வைத்தியர், சவரத் தொழிலாளி என்று பண்டிகைக்குப் பண்டிகை பிறர் நன்றியைத் தட்டுத் தட்டாக வாங்கிக்கொண்டு விழிக்கிற அன்பர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

இலங்கை மலைநாட்டுப் பதுளைக்கு ரயில் வராத காலம் அது. கடைவீதியில் ஓர் அரிசிக் கிட்டங்கியின் பின்புறம் தண்டாலும் குஸ்தியும் சொல்லிக் கொடுக்கும் கசரத்துக் கூடம் நடத்தி வந்தேன்; ஊருக்கு நான் வாத்தியார். நாலு ஜோடி கர்லாக் கட்டை, ஒரு கதாயுதம், குஸ்திக்கு மண் கொட்டிய கோதா. கூடம் என்றால் இவ்வளவுதான். அந்த மண்ணைத் தினமும் விடியலில் கொத்தி, கட்டி உடைத்து, தண்ணீர் தெளித்துப் பதமாக்குகிறவள் முத்தம்மா. நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பல வருஷம் வேலை செய்தவள். புருஷன் போன பிறகு என்னிடம் வந்து சேர்ந்தாள். அவள் பதம் பார்த்த மண்ணில் யார் விழுந்தாலும் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார்கள்.

அந்த வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, பண்டிகை முடிந்ததும் மகள் இருக்கிற தோட்டத்து லயத்துக்கே போய்விடுவதாக முத்தம்மா சொன்னாள். காரணம் கேட்டேன்; மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கோதாவுக்குள் இறங்கிவிட்டாள். அவள் போனால் நான் கூடத்தை மூட வேண்டியதுதான். எனக்கு வருகிற பண்டிகைப் பரிசில் எதையாவது கொடுத்து அவளைத் தங்க வைத்துவிடலாம் என்று நானும் நம்பினேன்.

அதிரசம்

முதலில் வந்தவர் கிட்டங்கிக்குச் சொந்தக்காரரான அரிசிக்கடை முதலாளி. இனிப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் அவருக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆறு மாதமாகத் தண்டால் எடுத்து, பாதித் தொந்தியைக் கரைத்திருந்தார். அந்த நன்றிக்குத்தான் ஒரு பெரிய தாம்பாளம் நிறைய அதிரசம் கொண்டுவந்தார்.

முத்தம்மாவைக் கூப்பிட்டு முந்தானை நிறைய எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வயிறு சரியில்லை என்று நகர்ந்துவிட்டாள். அவள் போன திசையைப் பார்த்து நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் முதலாளி கோதா ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் ஆறாவது அதிரசத்தில் இருந்தார். கையைப் பிடித்தேன். மனிதர் கொஞ்சமும் பதறவில்லை.

“வீட்டுலயும் கடையிலயும் தொடவே மாட்டேங்க, வாத்தியாரே. கோதாவுல தின்னா ஒடம்புல ஒட்டாதுல்லங்க.”

கோட்டு

அடுத்தவர் துணிக்கடை முதலாளி. துணிக்கடைக்காரர் ஆயிற்றே, புது வேட்டி வரும் என்று நான் ஆசைப்பட்டது நிஜம். அவர் எடுத்து வந்தது தம்முடைய பழைய கோட்டு. எல்லோர் முன்னாலும் அதைப் போட்டுக்கொண்டு, வயிற்றுப் பக்கத்தில் இரண்டு கைகளையும் உள்ளே விட்டு எவ்வளவு இடம் காலியாகியிருக்கிறது என்று காட்டினார். பிறகு கழற்றி எனக்குப் போர்த்திவிட்டார். உள்ளே என்னோடு இன்னொருவரும் தாராளமாகக் குடியிருக்கலாம்.

விடியற்காலைக் குளிரில் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வருகிறவள் முத்தம்மா. தோட்டத்துப் பெண்கள் சேலைக்கு மேலே கோட்டுப் போடுவது வழக்கம்தானே என்று அவளிடம் கொடுத்தேன். துணியைத் தடவிப் பார்த்தாள். அழகாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். கம்பளி இருக்கிறது, போதும் என்றாள். கோட்டு கைமாறப் பார்த்தது எப்படியோ துணிக்கடைக்காரர் காதுக்குப் போய், மறுநாள் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“புதுசு ஒண்ணு குடுக்க எனக்கென்னங்க? நான் எளச்சதுக்கு இதுதான் சாட்சி. எளைக்க வெச்சவரு கையில இருக்கட்டும்னு பாத்தேன்.”

சேவல்

பசறைத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாட்டு வண்டியில் வந்து உடற்பயிற்சி செய்துவிட்டு மாட்டு வண்டியிலேயே திரும்புவார். பாதித் தூரமாவது நடக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். கங்காணி நடந்து போனால் தோட்டத்தில் என்ன நினைப்பார்கள் என்று என்னையே கேட்டார்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு, வண்டியின் அடியில் எனக்காக ஒரு சேவலைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். முத்தம்மா மகளைப் பார்க்கப் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. மண்ணை நானே கொத்தியிருந்தேன். ஊருக்கே பலம் சொல்லிக் கொடுக்கிறவனுக்கு ஒரு கோதாவைக் கொத்துவது பெரிய காரியமா என்ற நினைப்பு எனக்கு. என்னோடு போட்ட குஸ்தியில் முதல் பிடியிலேயே கங்காணி விழுந்தார். விழுந்த சத்தம் கிட்டங்கி வரைக்கும் கேட்டது. தோளைக் கட்டி, கையைத் துண்டில் தொங்கவிட்டு வண்டியில் ஏற்றினேன். அவருக்குக் கோபம் வரவில்லை. காலால் மண்ணைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

“நம்ம புடியில கொறையில்லங்க. இது அந்தம்மா வெட்டுன மண்ணு இல்ல. அவங்கள விட்டுறாதீங்க.”

மண்வெட்டி

தீபாவளிக்கு முதல்நாள் முத்தம்மா துணிமூட்டையை எடுக்க வந்தாள். சேவலைக் கொண்டுபோகச் சொன்னேன், வேண்டாம் என்றாள். இனிச் சுற்றி வளைத்துப் பிரயோசனமில்லை என்று, நான் என்ன குறை வைத்தேன் என்று நேராகவே கேட்டேன். எடுத்த மூட்டையைக் கீழே வைத்தாள்.

“ஆயுத பூசையன்னிக்குக் கட்டைக்கெல்லாம் பொட்டு வெச்சீங்க. மூலையில கெடந்த ஒடஞ்ச கட்டைக்குக்கூட வெச்சீங்க. எம் மம்பட்டி மட்டும் வெளிய நின்னுச்சு. தோட்டத்துல செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திக்கும் கூடைக்கும்கூட சந்தனம் உண்டுங்க, வாத்தியாரய்யா.”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பூசைத் தட்டு வைக்க இடம் போதவில்லை என்று அந்த மண்வெட்டியை எடுத்து வெளியே சாய்த்தவன் நானேதான். வெட்கத்தில் தலை குனிந்துவிட்டேன். ஓர் இரவு மட்டும் பொறுத்துப் போகும்படி கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும், எண்ணெய் முழுக்குப் போட்ட தலையும் புது வேட்டியுமாக முதலாளிகள் வந்தார்கள். கங்காணியும் கட்டுப்போட்ட தோளோடு வந்து இறங்கினார். கோதாவின் நடுவில் மனைப்பலகை போட்டு மண்வெட்டியைக் கழுவி வைத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் யாரும் சிரிக்கவில்லை. அரிசிக்கடை முதலாளி தேங்காய் உடைத்தார். துணிக்கடைக்காரர் தம் கையால் மண்வெட்டிக் காம்புக்குச் சந்தனம் பூசினார். கங்காணி ஒற்றைக் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டார். குங்குமம் வைக்க முத்தம்மாவைக் கூப்பிட்டேன். அவள் மூட்டையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து, பொட்டு வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போகிறாயா, இருக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

“பூசை நாளு தப்பிப்போச்சுங்களே. அடுத்த வருசமாச்சும் நாளோட வெக்கிறீங்களான்னு இருந்து பாக்குறேன்.”

ஊரார் உடம்பைப் பிடித்துப் பார்த்தே நோவு எங்கே என்று சொல்லிவிடுகிற வாத்தியாருக்கு, தினமும் எதிரில் நின்று மண் வெட்டியவளின் நோவைக் கண்டுபிடிக்க ஒரு தாம்பாளம் அதிரசமும் ஒரு கோட்டும் ஒரு கங்காணியின் தோளும் செலவாயின.