வேலைநிறுத்தத்தில் இருந்த விமானி

இலங்கையிலிருந்து திரும்பி, குன்னூர் எஸ்டேட்டில் நான் டிரைவராகச் சேர்ந்த வருடம் அது. வேலைநிறுத்தத்தில் இருந்த விமானி ஒருவர் விருந்தினர் பங்களாவில் தங்கியிருந்தார். ஒல்லியான, நெடிய மனிதர். பேச்சின் நடுவே அடிக்கடி வானத்தைப் பார்ப்பார்.

ஒருநாள் ஜீப்பில் வரும்போது, "எங்க ரூட்டையெல்லாம் சின்ன கம்பெனிக்குக் குடுத்துட்டாங்க. பாதிச் சம்பளத்துக்குப் பசங்க ஓட்டறாங்க," என்றார் கசப்போடு.

"நானும் பாதிச் சம்பளத்துக்குத்தான் வந்தேன் ஐயா. பழைய டிரைவர்மார் இன்னும் என்னோட கதைக்கிறதில்ல."

பங்களா வாசலில் இறங்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"அவங்க உங்களோட கதைக்க மாட்டாங்களான்னு இருக்குமா?"

"தினமும் இருக்கும் ஐயா."

மறுநாள் ரயிலடியில் நான் இறக்கிவிட்டபோது, பெட்டியை வாங்கிக்கொண்டு, "அந்தப் பசங்களைப் பார்க்கப் போறேன்," என்றார்.

பார்த்தாரா என்று தெரியாது. எங்கள் டிரைவர்களில் ஒருவர்கூட அப்படி என்னைத் தேடி வந்ததில்லை.