நூறு யார் ஓட்டமும் ஒரு வயல் தண்ணீரும்

ஓடுவது ஒருவன் வேலை. அவன் ஓடினான் என்று கொழும்பை நம்பவைப்பது இன்னொருவன் வேலை. அறுபதுகளில் எங்கள் பக்கத்தில் அந்த இரண்டாவது வேலை என்னுடையது. ஓட்டம், பாய்ச்சலைக் கவனிக்கும் நாட்டின் மெய்வல்லுநர் சங்கத்துக்கு நான் சம்பளமில்லாத பிரதிநிதி. எந்தச் சங்கத்துக்காவது படிவம் நிரப்பிக் கை ஓய்ந்தவர்களுக்கு மேலே விளக்கத் தேவையில்லை.

மூன்று கடிகாரம்

பரந்தனில் இராசு என்று வயல் செய்கிற ஓர் இளம் கமக்காரன். நூறு யார் தூரத்தை, அதாவது நூறு கெஜத்தை, வெறுங்காலோடு பறந்து முடிப்பான். ஆனால் மூன்று ஸ்ரொப் வாச்சுகள் அவன் நேரத்துக்குச் சாட்சி சொல்லி, படிவம் முடிவு நாளுக்குள் போனால்தான் கொழும்புப் போட்டியில் இடம்.

என்னிடம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூட வாத்தியாரிடம் ஒன்று. மூன்றாவது, ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஐயா நாடி பார்க்க வைத்திருந்தது. அதை இரவல் தர மனமில்லாமல் அவரே கொண்டுவந்தார். இராசு முடிவுக் கயிற்றைத் தாண்டியதும் நானும் வாத்தியாரும் நேரத்தைச் சொன்னோம். அப்போதிக்கரி ஐயா ஓடிப்போய் இடது கையால் இராசுவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நேரம் பாக்க மறந்துபோனன். ஆனா நாடி நல்லாயிருக்கு, பயப்பிடாதையுங்கோ."

மட்டம்

மறுபடி ஓடவைத்துப் படிவத்தை அனுப்பினேன். திரும்பி வந்தது. சரிவில் ஓடினால் நேரம் செல்லாதாம்; நிலம் மட்டமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவாராம். நியாயமான கேள்விதான். ஓடியது கந்தையா அண்ணரின் அறுவடை முடிந்த வயலில். கேள்வி அவருக்குப் பொறுக்கவில்லை. தண்ணீரே மட்டம் சொல்லட்டும் என்று அதிகாரி வருகிற காலையில் வாய்க்காலைத் திறந்து வயல் முழுக்கத் தண்ணீர் கட்டிவிட்டார்.

அதிகாரி வரம்பில் நின்று பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்து, ஒரு தடியோடு இறங்கி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஆழம் பார்த்தார். எங்கும் ஒரே அளவு.

"மட்டம் சரி. இனி ஆள் எங்கே ஓடுறது?"

விருந்தாளி

முடிவு நாளுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. ஓட்டத்தையும் கண்ணால் பார்த்தால்தான் கையொப்பம் என்றார் அதிகாரி. தண்ணீரை வடியவிட்டு, அவரை எங்கள் வீட்டில் தங்கவைத்தேன். காலையும் மாலையும் போய்ச் சேற்றைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்து இடியப்பம் சாப்பிடுவார். இராசுவோ வானத்தில் முகில் கண்டால் சோறு தின்னமாட்டான். அப்போது என் மனைவி உயிரோடு இருந்தா. மூன்றாம் நாள் குசினி அடுப்படிக்கு என்னைக் கூப்பிட்டு மெல்லக் கேட்டா:

"இவர் ஓட்டம் பாக்க வந்தவரோ, வயல் காயக் காவலிருக்க வந்தவரோ?"

கொழும்பு

நாலாம் நாள் பின்னேரம் நிலம் இறுகியது. அப்போதிக்கரி ஐயாவின் இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் இராசுவை ஓடவிட்டேன். மூன்று வாச்சும் ஒத்துப்போயின. அதிகாரி வரம்பிலேயே குந்தியிருந்து கையொப்பம் வைத்து, படிவத்தைத் தன்னோடே கொண்டுபோனார்.

இராசு கொழும்பு போனான். முதற்சுற்றிலேயே ஐந்தாவதாக வந்து வெளியேறினான். ஸ்ரேசனில் இறங்கியவனின் பையை நான் வாங்கிக்கொண்டேன். அவனே தொடங்கினான்.

"கொழும்பு நிலம் மட்டமில்லை அண்ணை, என்ரை காலுக்குத் தெரிஞ்சது. அங்கை ஆரும் தண்ணி கட்டிப் பாத்தவையோ?"

விளையாட்டை நிர்வகிப்பது என்று பெரிதாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அது, ஓடியவனை மனதார நம்பிக்கொண்டே நம்பாதவனைப்போல நின்று கையொப்பம் வைக்கிற வேலை.