இன்னாசி தேடிய வசனம்

இன்னாசி போய்விட்டான். இன்று காலை, தருமபுரி ஆஸ்பத்திரியில்...

மேலே போட்டோவில் இருப்பது என் கையெழுத்துதான். ஒரு வரி மேட்டில் ஏறும், ஒரு வரி பள்ளத்தில் இறங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்தாறு வயதில், எழுத்துக் கற்று ஒன்றரை வருடம்தான் ஆகிறது. சிரமப்படுகிறவர்களுக்காக மருமகள் கீழே டைப் செய்திருக்கிறாள்.

இன்னாசி எங்கள் பங்குக் கோவில் ஆபீஸில் டைப்பிஸ்ட். நான் சவரிமுத்து, அதே கோவிலில் மணி அடித்தவன்.

அவன்மேல் எனக்குப் பொறாமை. அந்தப் பொறாமையில் அவனிடம் ஒரு பொய் சொன்னேன். கடைசிவரை திருத்தவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எண்பதுகளின் கடைசி. எனக்கு அப்போது ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் தினமும் பூசையில் கேட்டுக் கேட்டு பைபிளில் பாதி மனப்பாடம். கல்யாணமோ, சாவோ, மழைக்குச் செபமோ, வசனம் வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். எனக்கிருந்த ஒரே பெருமை அது.

அப்போது யாரோ வெளிநாட்டிலிருந்து பங்குச் சாமியாருக்கு ஒரு கம்ப்யூட்டர் அனுப்பினார்கள். கூடவே ஐந்தாறு கறுப்பு டிஸ்க்கில் பைபிள் புரோகிராம்.

இன்னாசி இங்கிலீஷில் ஒரு வார்த்தை அடிப்பான். அது கர்... கர் என்று உறுமும். பிறகு அந்த வார்த்தை வருகிற இடமெல்லாம் பச்சை எழுத்தில் வரிசையாக நிற்கும். அதைப் பார்த்துத் தமிழ் பைபிளைப் புரட்டிக் காட்டுவான்.

தூசி ஆகாது என்று செருப்பை வெளியே விடச் சொன்னான். எங்கள் தெரு லூர்தம்மா சிலுவை போட்டுக்கொண்டே அந்த அறைக்குள் போனாள். கோவில் பீடத்து நற்கருணைப் பெட்டிமுன்கூட அவள் அவ்வளவு குனிந்து நான் பார்த்ததில்லை.

"ஏன் லூர்து, எங்கிட்ட கேட்டா ஆவாதா?"

"நீ வாயில சொல்ற மாமா. அது எங்க இருக்குதுன்னு நம்பரோட காட்டுது. நீ காட்டு பாக்கலாம்?"

எழுத்துத் தெரியாதவனிடம் கேட்கிற கேள்வியா அது...

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து பத்துப் பேர் நிற்கும்போது நானும் அந்த அறைக்குப் போனேன்.

"இன்னாசி, இதை எடு பாக்கலாம். 'அடுத்தவன் வாய்க்காலை அளக்கிறவன் தன் பாத்தியைக் காயவிடுவான்.'"

வாய்க்காலுக்கு இங்கிலீஷில் இரண்டு மூன்று வார்த்தை உண்டாம். எல்லாவற்றையும் அடித்தான். டிஸ்க்கை மாற்றி மாற்றிப் போட்டான். வேர்த்துவிட்டது அவனுக்கு.

"இல்லீங்களேண்ணா... எந்தப் புஸ்தகத்துல வருதுங்க?"

"சீராக்குல." யோசிக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அய்யோ, ஆமாங்கண்ணா! இது வேற சபைக்காரங்க செஞ்ச புரோகிராம். அவங்க பைபிள்ல சீராக்கே கெடையாதுங்க. நம்ம கத்தோலிக்க பைபிள்ல கூடுதலா இருக்கிற ஏழு புஸ்தகமும் இதுல இல்ல."

லூர்தம்மா சிரித்தாளே ஒரு சிரிப்பு! "அப்ப மெஷினை விட மாமாதான் பெருசு!"

அன்று மத்தியான மணியை வழக்கத்தைவிட ரொம்ப நேரம் அடித்தேன்.

அந்த வசனம் நான் கட்டியது. முதல் நாள் ராகிக்குத் தண்ணீர் கட்டும்போது தோன்றியது.

இன்னாசி விடவில்லை. தமிழ் சீராக்கை இரண்டு தடவை படித்தானாம். "என் கண்ணு தப்பலாங்கண்ணா, மெஷின் தப்பாது" என்றான். விட்டுப்போன ஏழு புத்தகமும் இருக்கிற கூடுதல் டிஸ்க் பெங்களூரில் ஒரு மடத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டான். லெட்டர் போட்டான். பதில் வர மூன்று மாதம்.

பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தான். இரண்டு அட்டைக்கு நடுவே டிஸ்க்கை வைத்து, மடங்கிவிடக் கூடாதென்று வழியெல்லாம் மடியில் ஏந்தியபடி...

மறுபடி எல்லோரும் கூடினார்கள். நான் வாசலோடு நின்றுகொண்டேன். புது டிஸ்க்கைப் போட்டுத் தேடினான்.

இல்லை.

"என்னாச்சு, மாமா வசனம்?" என்றாள் லூர்தம்மா.

இன்னாசி என்னைப் பார்த்தான். பிறகு அவளிடம் சொன்னான். "பழைய மொழிபெயர்ப்புல இருந்திருக்கும்க்கா. அண்ணா சின்ன வயசுல கேட்டது."

அவன் கெட்டிக்காரன் என்பதையாவது தாங்கிக்கொண்டேன். நல்லவனாகவும் இருந்ததுதான் தாங்கவில்லை.

படிக்கக் கற்றதும் நான் முதலில் எடுத்தது சீராக்தான். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, நாலு மாதம். என்ன சந்தோஷம் தெரியுமா அது! ஒருவேளை எங்கேயாவது அந்த வரி இருந்துவிடாதா என்ற ஆசையும் இருந்தது...

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன், உண்மையைச் சொல்லிவிடுவது என்று. அவன் என்னைப் பேசவே விடவில்லை.

"படிக்கக் கத்துக்கிட்டீங்களாமே! இதைப் படிங்க பாக்கலாம்" என்று மாத்திரைக் கவரை நீட்டினான்.

"கா...லை. இ...ர...வு."

கை தட்டினான். பக்கத்துப் பெட்காரரைக் கூப்பிட்டு, "எங்க அண்ணனுங்க" என்றான்.

அப்புறம் போனைக் காட்டினான். "இப்ப எல்லாம் இதுலயே வந்துருச்சுங்கண்ணா. அகராதி, மேப்பு, விளக்கவுரை, எது வேணுமோ எறக்கிக்கலாம். உங்க வசனந்தான் இன்னும் கெடைக்கல."

சிரித்தான். தெரிந்து சிரித்தானா, தெரியாமல் சிரித்தானா...

நான் வாயைத் திறந்தேன். "தேடு, கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது அவன் வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. வத்தல்மலையிலிருந்துகூட ஆள் வந்திருக்கிறது. எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா... இதிலும் பொறாமைதான், என்ன செய்ய.

அடுத்த வாரம் ஏழாம் நாள் பூசைக்கு லூர்தம்மா வருவாள். அவளிடம் என் வாயாலேயே சொல்லப்போகிறேன். வாங்கப்போகிற திட்டை இங்கே எழுதுகிறேன், என் கையாலேயே.

அது எந்தப் புத்தகத்திலும் இல்லை இன்னாசி. நான் கட்டியது.

இனி தேட வேண்டாம். போய் வா...