அந்தப் பாட்டிலை நிரப்பியவர்

காலை பத்து மணிக்கு ஒயினை வாயில் ஊற்றி, கொப்பளித்து, வாளியில் துப்புவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இங்கிலாந்தின் மேற்கே ஒரு பழைய துறைமுக ஊரில், பழம் ஒயின் விற்கும் கடையின் கிடங்கில் வேலை. சரக்கில் பெரும்பகுதி போர்ட் என்கிற போர்த்துகல் இனிப்பு ஒயின். போனில் "போர்ட்ல வேலை" என்றதை அம்மா துறைமுகம் என்று எடுத்துக்கொண்டாள். "மூட்ட கீட்ட தூக்கச் சொல்றாங்களா?" என்று கவலைப்பட்டாள். இல்லை என்றேன், மீதியை விளக்கவில்லை. அம்மா இருக்கும் கம்பைநல்லூரில் இன்றும் நான் கப்பலில் சரக்கு ஏற்றுகிறவள்தான்.

சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், வேலை நிரந்தரமாகும் முன்பு, மார்கரெட் என்ற அம்மையார் இரண்டு பாட்டில்களைப் பற்றிக் கேட்டு வந்தார். இறந்துபோன கணவர் பிறந்த ஆண்டில் விளைந்த போர்ட்; மாமனார் வாங்கி வைத்தது. கணவரின் பிறந்தநாளன்று பிள்ளைகளோடு ஒன்றைத் திறக்க வேண்டுமாம். இரண்டும் ஒரே தோட்டத்து ஒயின். ஆனால் ஒன்று போர்த்துகலிலேயே அடைக்கப்பட்டது. மற்றது பீப்பாயில் கப்பலேறி வந்து, இந்தத் துறைமுக ஊர் வியாபாரி ஒருவர் நிரப்பியது. அந்தக் காலத்தில் அப்படியும் நடக்கும். வியாபாரி பாட்டிலை நம்ப வேண்டாம் என்றார் என் முதலாளி ராபர்ட். சிலர் பீப்பாயை மாதக்கணக்கில் கிடப்பில் போடுவார்கள், சரியாகக் கழுவாத பாட்டிலில் ஊற்றுவார்கள், மட்டமான கார்க்கை அடிப்பார்கள் என்றார். போர்த்துகல் பாட்டிலைத் திறக்கச் சொல்லி என்னை மார்கரெட் வீட்டுக்கு அனுப்பினார்.

வண்டல் அடியில் தங்குவதற்காக இரண்டையும் நான்கு நாள் நிறுத்தி வைத்திருந்தார்கள். சமையலறையில் கார்க்கை உருவியதுமே காடி வாடை வந்தது. பக்கத்து அறையில் பிள்ளைகள் கண்ணாடிக் கோப்பைகளோடு காத்திருந்தார்கள். பழைய ஒயின் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று குடித்திருப்பார்கள். யாருக்கும் தெரிந்திருக்காது.

தர்மபுரிப் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தபோதும் யாருக்கும் தெரியாது என்றுதான் சொன்னார்கள். ஒரே தோப்பு மாம்பழம் இரண்டு கம்பெனிக்குப் போனால் இரண்டு ருசியாகத் திரும்பும் என்பதை அங்கேதான் கண்டேன். ஒரு சீசன் நெரிசலில் எங்கள் டப்பாக்கள் சில உள்ளே கெட்டு உப்பியிருந்தன. "உப்புனத மட்டும் எடுத்துப் போட்டுட்டு கையெழுத்துப் போடுங்கம்மா, லாரி நிக்குது" என்றார் மேனேஜர். போட்டேன். அந்த லாரி எந்த ஊருக்குப் போனதோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

மார்கரெட் உள்ளே வந்தார். "இது போய்விட்டது" என்றேன், என் ஆங்கிலத்தில். அவர் பதறித் தரையைப் பார்த்தார், கொட்டிவிட்டேனோ என்று. மோந்து பார்க்கக் கொடுத்தேன். முகம் மாறியது. மற்றதைத் திறக்கட்டுமா, அதற்கும் என்னால் உறுதி சொல்ல முடியாது என்றேன். முதலாளியிடம் கேட்கவில்லை. மார்கரெட் தலையசைத்தார்.

இரண்டாவது கார்க் உடைந்து துண்டுதுண்டாக வந்தது. துணியில் வடிகட்டினேன். உலர்ந்த அத்திப்பழ மணம் அறையில் பரவியது. மார்கரெட் ஒரு வாய் குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார்.

"இதை நிரப்பியது யார்?"

"இந்த ஊர்க்காரர் யாரோ. பாட்டிலை நன்றாகக் கழுவியிருக்கிறார்."

அவர் எனக்கும் ஊற்றினார். அன்று நான் துப்பவில்லை.

மறுநாள் எல்லாவற்றையும் நானே ராபர்ட்டிடம் சொன்னேன். இரண்டு கார்க்குகளையும் கேட்டு வாங்கி, மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். போர்த்துகல் கார்க் ஓரமெல்லாம் ஒயின் ஊறிக் கசிந்திருந்தது. "அடுத்த முறையும் இப்படியே செய்" என்றார். வேலை நிரந்தரமானது. அதன்பின் நான் திறந்த வியாபாரி பாட்டில்களில் கெட்டுப்போனவையும் உண்டு. ராபர்ட் சொன்னதும் பொய்யில்லை. ஆனாலும், தன் பெயர் எதிலும் எழுதப்படாமல் ஒரு நாள் வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டுப் போன அந்த மனிதருக்கு நான் நன்றிக்கடன் பட்டவள். உண்மையைச் சொல்ல இடம் கொடுத்த இந்த ஊருக்கும்தான்.

அந்த இரண்டாவது பாட்டிலைக் காலியானதும் கழுவி எனக்கே அனுப்பினார் மார்கரெட். ஊர்ப்பக்கமிருந்து இங்கே வந்த மொரப்பூர்க்காரர் ஒருவர் மூலம் அண்ணன் கேனில் கொடுத்தனுப்பிய செக்குக் கடலை எண்ணெயை அதில் ஊற்றி அடுப்போரம் வைத்திருக்கிறேன். படுக்கவைக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்காக அந்த வியாபாரியின் கிடங்கில் யாரோ பூசிய வெள்ளைக் கோடு அதன் தோளில் அழியாமல் இருக்கிறது. குளிர்காலக் காலைகளில் சாய்த்தால் எண்ணெய் தயங்கித் தயங்கித்தான் வருகிறது. அடுப்பின் சூடு கொஞ்சம் பட்டதும், ஊரில் போலவே ஓடுகிறது.